சர்டிபிகேட் சேர்கிறது, கேஸ் நகரவில்லை

கேள்வி:

எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுத் திருப்பாலைவனத்தில் தங்கி, பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் களப்பணி செய்கிறேன். சமூகப் பணியாளர், கவுன்சலர் இரண்டும் நானேதான். குடி, குடும்பச் சண்டை, கடன், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் என எல்லாம் என்னிடம் வந்து சேரும். கொரோனா காலத்திலிருந்து ஆன்லைன் வகுப்புகள் நிறையப் பார்த்துவிட்டேன். கைக்காசு போட்டுச் சென்னைப் பட்டறைகளுக்கும் போயிருக்கிறேன். ஃபைலில் சர்டிபிகேட் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ஊருக்குத் திரும்பி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தால் கற்றது எதுவும் வாயில் வருவதில்லை. போன மாதம் ஒரு அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டார்: "முகத்துவாரம் தூர்ந்து கெடக்குது, ஏரியில எறாலு இல்ல. நீ வந்து குடிக்காதன்னு சொன்னா ஆச்சா?" பதில் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது சென்னையில் இரண்டு நாள் பட்டறை ஒன்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 6,000 ரூபாய். நிறுவனம் பணம் தராது, சம்பளத்தோடு லீவும் தராது. இப்படிப்பட்ட தொடர் பயிற்சி சட்டப்படி கட்டாயமா? போனால் பயன் உண்டா? எதைப் பார்த்து ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாலைவனம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நேர்ப்பதில்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்குத் தொடர் பயிற்சி இன்றைக்குக் கட்டாயம் இல்லை. பயன் உண்டு, ஆனால் பட்டறையோடு நிறுத்திக்கொண்டால் இல்லை. 6,000 ரூபாயை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 36 மணி நேரத் தொடர் கல்வியைக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும். இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் என்ன கற்றோம் என்று பதிவு செய்ய வேண்டும். அதில் ஒன்றையாவது சக பணியாளர் ஒருவரோடு பேசி அலசியிருக்கவும் வேண்டும். இந்தியாவில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்குப் பொதுவான உரிமமே இல்லாததால் புதுப்பிக்கும் கேள்வியும் எழவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அதாவது மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வில் வேலை செய்வோர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் போன்றோருக்கு, பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும். நீங்கள் அந்தப் பதிவில் இல்லையென்றால் 'புள்ளி கிடைக்கும்' என்ற விளம்பரத்தால் உங்களுக்கு லாபம் ஏதுமில்லை.

ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். 2021இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளர், மனநலச் சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. கவுன்சலர் போன்றோரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவுமுறை முழுமையாக நடைமுறைக்கு வரும்போது கல்விச் சான்று, அனுபவச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஆகவே ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அதைத் தடிமனாக்குவதற்காக மட்டும் இனி எங்கும் போகாதீர்கள்.

கற்றது ஏன் ஒட்டவில்லை?

'எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லையோ' என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. குறை உங்களிடம் இல்லை. பட்டறை என்ற வடிவத்துக்கே அந்தக் குறை உண்டு என்பதை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். குடிப்பவரோடு வாதாடாமல் அவர் வாயாலேயே மாற்றத்துக்கான காரணத்தை வரவழைக்கும் பேச்சுமுறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். அவர் தன் சொந்தப் பட்டறையையே சோதித்துப் பார்த்தார். 2001இல் வெளியான அவரது சிறிய ஆய்வில், பட்டறைக்கு வந்தவர்கள் தாங்கள் நன்றாகக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். ஆனால் அவர்களிடம் வந்தவர்கள் பேசிய விதத்தில் மாற்றம் தெரியவில்லை. 2004இல் உரிமம் பெற்ற 140 போதைமீட்புப் பணியாளர்களைப் பல குழுக்களாகப் பிரித்து மீண்டும் பார்த்தார்கள். வெறும் பட்டறையோடு நின்றவர்களை விட, பின்னர் தங்கள் உரையாடலின் ஒலிப்பதிவைக் கொடுத்து 'இங்கே நன்றாகக் கேட்டாய், இங்கே அவசரப்பட்டாய்' என்று கருத்துப் பெற்றவர்களும், தொலைபேசியில் வழிகாட்டல் பெற்றவர்களும் திறமையில் முன்னே போனார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கோவாவில் 1996இல் தொடங்கிய 'சங்கத்' அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைக் கவுன்சலர்களாகப் பழக்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் ஆண்களில் அளவு மீறிக் குடிப்பவர்களோடு அவர்கள் அதிகம் போனால் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். 'லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வின்படி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களிடம் பேசியவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 26 சதவீதம். பட்டம் இல்லாத கவுன்சலர்களால் இது எப்படி முடிந்தது? பயிற்சி முடிந்த பிறகும் அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவை எல்லோருமாகக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். சிகிச்சையின் தரத்தைக் காப்பாற்றியது அந்தக் கூட்டம். உங்களுக்கு இதுவரை கிடைக்காததும் அதுதான்.

அந்த அண்ணனுக்கு என்ன சொல்வது?

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளர்கின்றன. மணல் அடைத்தால் வரத்து நிற்கும், ஏரித் தண்ணீரின் உப்பளவும் மாறும். ஆக, அவருடைய கவலைக்குக் காரணம் அவர் மனசுக்கு வெளியே இருக்கிறது. வருமானம் போனதையும் கடன் ஏறியதையும் மனநோயாக மாற்றிக் கையில் ஒரு மூச்சுப்பயிற்சியைக் கொடுத்து அனுப்புவது கவுன்சலிங் ஆகாது. அதே நேரம், முகத்துவாரம் திறக்கும் வரை குடிக்கலாம் என்று நாம் விட்டுவிடவும் முடியாது. குடியின் அடியை வாங்குவது அவர் மனைவியும் பிள்ளைகளும்.

அன்றைக்கு நீங்கள் எழுந்து வராமல் இருந்திருந்தால் பேச்சு இப்படிப் போயிருக்கலாம்:

"மொகத்துவாரம் அடைச்சதுலேர்ந்து தொழிலே இல்ல. வூட்ல சும்மா ஒக்கார்ற பொழுதுதான் ரொம்பக் கஷ்டமாயிருக்கா அண்ணே?"

"காலையிலயே முழிப்பு வந்துருது. போவ எடமில்ல."

"குடிச்சா அந்தப் பொழுது போயிருது."

"ஆமா. இல்லன்னா பைத்தியம் புடிக்கும்."

"சரி. இந்தக் குடியில ஒங்களுக்கே புடிக்காதது ஏதாச்சும் இருக்குதா?"

"…சின்னப் பொண்ணு கிட்ட வரமாட்டேங்குது."

இதில் நீங்கள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னீர்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், பிறகு வாயை மூடிக்கொண்டீர்கள். கடைசி வரி அவர் மனசிலிருந்து வந்தது. அடுத்த முறை பேச வேண்டியது அந்தப் பெண் குழந்தையைப் பற்றித்தான். குடியைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தானாக வரும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடிப்பவரை 'இன்றோடு நிறுத்து' என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு, ஊர்க்காரர்களின் உதவியோடு குடிநோய்க்குச் சிகிச்சை அளித்தது. போதைமீட்புப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. உங்கள் கேஸ்களில் பெரும்பாலானவை குடி என்றால், பொதுவான 'கவுன்சலிங் திறன்' பட்டறையை விட இப்படிப்பட்ட இடத்தில் பெறும் பயிற்சி பத்து மடங்கு பிரயோஜனம்.

சுனாமிக்குப் பிறகு தெரிந்துகொண்டது

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரைக் குப்பங்களுக்கு உதவி வந்ததுபோலவே கவுன்சலிங்கும் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையின் ஸ்கார்ஃப் போன்ற மனநல அமைப்புகள் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கி நல்ல வேலை செய்தன. இன்னொரு பக்கம், வந்தவர் போனவரெல்லாம் 'அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் திரும்பத் திரும்பக் கேட்டதும் உண்டு. இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு, பேரிடர்க் கால மனநல உதவிக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2007இல் வெளியானது. துயரம் நடந்த உடனே அதை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்ல வைக்கும் முறை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு. அதற்குப் பதிலாக 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: சுற்றிலும் பார், காதுகொடுத்துக் கேள், தேவையானவரோடு இணை. பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இப்படி அடுத்து ஏதேனும் நடந்தால் கரையில் முதலில் நிற்கப் போவது நீங்கள்தான். ஆகவே உளவியல் முதலுதவி உங்கள் பயிற்சிப் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். இரண்டு நாளில் ஆழ்மனக் காயத்தைக் குணமாக்கக் கற்றுத்தருகிறோம், ஹிப்னாடிசம் சொல்லித்தருகிறோம் என்று அழைத்தால் போகாதீர்கள்.

நகரத்துப் பட்டறையில் வராத பாடம்

ஏ.சி. அறையில் நடக்கும் வகுப்பில் ரகசியம் காப்பது ஒரு ஸ்லைடோடு முடிந்துவிடும். குப்பத்தில் நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே பக்கத்து வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். 'அந்தப் பொண்ணு உன்கிட்ட என்ன சொல்லுச்சு?' என்று ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவரே கேட்பார். அவரைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் வேலை செய்ய முடியாது, அவரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க முடியாது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தந்திருக்கிறது. ஆனால் பெரியவரிடம் பிரிவு எண் சொல்லிப் பயனில்லை. 'உங்க வீட்டு விஷயம் என்கிட்ட வந்தாலும் இப்படித்தான் பெரியப்பா, வெளியே போகாது' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

ரகசியம் காக்கக் கூடாத இடமும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின் கீழ் நமக்கே தண்டனை உண்டு. ஊரே கூடி 'பேசி முடித்துவிட்டோம்' என்றாலும் இந்தக் கடமை போகாது. அப்போது தனியாகப் போகாமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் துணைக்கு அழையுங்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு 181. தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டுவிட்டு ஆளைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். இந்த விஷயங்களுக்குப் பணம் கட்டிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஆகியோருக்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதி, அரைநாள் வந்து பேசச் சொல்லுங்கள். வருவார்கள். நேரில் பழகியதால் அடுத்த கேஸின்போது உங்கள் போனை எடுப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

முதலில் ஒரு கூட்டம்

பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் பக்கம் மற்ற தொண்டு நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் உங்களைப் போலவே தனியாக வேலை செய்யும் நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பொன்னேரியில் கூடுங்கள். ஏரியில் பாடு முறை வைத்து ஒவ்வொரு தரப்பும் தன் நாளில் வலை போடுவதில்லையா, அதுபோல் ஒரு கூட்டத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஒரே ஒரு கேஸை எடுங்கள். பெயரும் ஊரும் சொல்லக் கூடாது. முதல் பத்து நிமிடம் நடந்ததைச் சொல்லட்டும். 'அவர் சொன்னார், நான் சொன்னேன்' என்று வார்த்தைக்கு வார்த்தை வர வேண்டும், 'கவுன்சலிங் கொடுத்தேன்' என்ற ஒற்றை வரி கூடாது. அடுத்து இருவர் அதை நடித்துக் காட்டட்டும். பிறகு மற்றவர்கள் முதலில் கேள்வி மட்டும் கேட்கட்டும், யோசனை கடைசியில்தான். முடிவில் கேஸ் சொன்னவர் அடுத்த வாரம் செய்யப் போகும் ஒரு காரியத்தை நோட்டில் எழுத வேண்டும். அடுத்த கூட்டம் அந்த வரியைப் படிப்பதில் தொடங்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளின் சமூகப் பணித் துறைகள், 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான சிநேகா, மனநல அமைப்பான 'தி பேனியன்' என ஆட்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. கல்லூரிகள் களப்பயிற்சிக்கு மாணவர்களை உங்கள் பகுதிக்கு அனுப்புகின்றன என்றால், அதற்கு ஈடாக ஒரு பேராசிரியரின் இரண்டு மணி நேரத்தைக் கேட்பது நியாயம்தான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமியின் இணையவழிப் படிப்புகளையும் பாருங்கள். ஆனால் அதையும் குழுவாகச் சேர்ந்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.

இந்தக் கூட்டத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்டுவிட்டு வருகிறீர்கள். தூக்கம் கெடுவது, எரிச்சல், 'என்னால் என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பு இவையெல்லாம் இந்த வேலையில் வரக்கூடியவைதான். அதை வீட்டில் சொல்ல முடியாது. இதே வேலை பார்க்கும் நாலு பேரிடம் சொல்லலாம்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் வழி

ஆறு மாதம் கூட்டம் நடந்த பிறகு, எந்த இடத்தில் எல்லோரும் திணறுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த ஒன்றுக்கு மட்டும் பட்டறை தேடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரைப் போனில் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? இருபத்தைந்துக்கு மேல் என்றால் உங்களுக்கு நடித்துப் பார்க்க முறை வராது. பயிற்சி கொடுப்பவர் இன்றைக்கும் கேஸ் பார்க்கிறாரா? தமிழில் நடக்குமா? நாம் பேசப் போவது தமிழில். முடிந்த பிறகு தொடர்ந்து கேட்டுக்கொள்ள வழி உண்டா? கடைசிக் கேள்விக்கு 'வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது' என்பது மட்டும் பதில் என்றால் யோசியுங்கள். இரண்டு மூன்று முறையாவது போனில் உங்கள் கேஸைக் கேட்கிறோம் என்றால் 6,000 ரூபாய் கட்டலாம்.

அந்தப் பணமும் உங்கள் கையிலிருந்து போகக் கூடாது. நிறுவனத்திடம் 'பயிற்சிக்கு அனுப்புங்கள்' என்று வெறுமனே கேட்டால் மறுப்பார்கள். 'நான் போய்வந்து மற்ற பணியாளர்களுக்கு இரண்டு பிற்பகல் சொல்லித்தருகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த திட்ட முன்மொழிவில் பணியாளர் பயிற்சிக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஜீப்புக்கு டீசல் செலவைக் கேள்வி கேட்காமல் கொடுக்கும் நன்கொடையாளர்கள் இதையும் கொடுப்பார்கள், கேட்க வேண்டியதுதான் பாக்கி. இதைப் படிக்கும் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: மாதத்துக்கு அரைநாள் உங்கள் பணியாளர் கூட்டத்துக்குப் போவதை லீவாகக் கழிக்காதீர்கள். அதுவும் வேலை நேரம்தான்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவே, தங்கையே: பட்டறை தேதியை விட்டுவிட்டு முதல் கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். அங்கே முதல் கேஸாக அந்த அண்ணனின் கேள்வியை வையுங்கள். பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பப் போங்கள். போகும்போது மீனவர் நலவாரிய உறுப்பினர் அட்டை அவரிடம் இருக்கிறதா, நிவாரணத் தொகை வந்ததா என்று மீன்வளத்துறையில் விசாரித்துக்கொண்டு போங்கள். அதுவும் உங்கள் படிப்பில் உள்ள பாடம்தான்.